அட்டையில்லாத மாத்திரை
(எட்டுப் பகுதிகள்)

1.

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. ‘மாதவிடாய் வலியைக் குறைக்கப் பத்து எளிய வழிகள்’ என்று போன வருடம் ஒரு நாளிதழின் பெண்கள் இணைப்பில் எழுதினேன். வெந்நீர்ப் பை, ஓமத் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம், காலை மடக்கி ஒருக்களித்துப் படுப்பது, இப்படி. பத்தாவது வழி ஓய்வு. அது அச்சில் வரவில்லை. இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் மதன்குமார் எப்போதும் கடைசியிலிருந்துதான் வெட்டுவார். தலைப்பில் பத்து, உள்ளே ஒன்பது. ஒருத்தியைத் தவிர யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பத்திரிகை ஆபீசில் என் எண்ணை வாங்கி அவள் கூப்பிட்டாள்.

“நஸ்ரியாக்காங்களா? பத்தாவதக் காணமுங்க.”

“ஓய்வும்மா. நல்லா ரெஸ்ட் எடுக்கணும்னு போட்டிருந்தேன்.”

சிரித்தாள். “அப்பச் செரி. எங்க மில்லுல அது இல்லீங்க்கா.”

2.

அவளுக்கு ஹரிதா என்று பெயர் வைத்திருக்கிறேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை, மில் ஹாஸ்டலில் வாசம், சொந்த ஊர் காரமடை, வயது பத்தொன்பது. அவளைப் பாதுகாக்கத்தான் பெயரை மாற்றினேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். யாரைப் பாதுகாக்க என்பது போகப் போகத் தெரியும்.

தொடங்கிப் பார்த்த வரிகள்:

‘பஸ்ஸின் கம்பியைப் பிடித்து நின்ற ஹரிதாவின் அடிவயிற்றில் யாரோ’

(வேண்டாம். வலியை வர்ணிப்பது எனக்கு நன்றாக வரும். அதனாலேயே அதை நம்பவில்லை.)

‘ஆயிரம் நூற்புக் கதிர்கள் ஒரே சமயத்தில் சுழலும் அந்தக் கூடத்தில்’

(அந்தக் கூடத்துக்குள் நான் போனதே இல்லை.)

3.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வேலை நேரத்தில் வயிற்றுவலி என்றால் சூப்பர்வைசர் பொன்னாத்தாளிடம் போக வேண்டும். அவளிடம் ஒரு டப்பா இருக்கும். உள்ளே அட்டையிலிருந்து முன்பே பிரித்துக் கொட்டிய மாத்திரைகள். ஒன்றைக் கையில் போடுவாள். அவள் எதிரிலேயே விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்ப வேண்டும்.

“இருவது நிமிசத்துல வலி போயிருமுங்க்கா. பேரு கேட்டா, ‘வலி மாத்தரதான் கண்ணு, போட்டுட்டுப் போ’ம்பாங்க.”*

பதினான்கு மாதங்களாக விழுங்குகிறாள். இப்போது தீட்டு வந்தால் பதினைந்து நாள் நிற்பதில்லை, இல்லையென்றால் இரண்டு மாதம் வருவதே இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பார்த்த டாக்டரம்மா, என்ன மாத்திரை என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது, ஒன்றைக் கொண்டுவா என்றார்களாம்.

ஹரிதா கொண்டுவந்தாள். ஒரு நாள் விரலிடுக்கில் மாத்திரையை ஒளித்து, வெறும் தண்ணீரைக் குடித்து, நாக்கைக் காட்டினாள். அந்த ஒரு மாத்திரைக்காக ஷிப்ட் முடியும்வரை வலியோடு நின்றாள்.

* பொன்னாத்தாளை வில்லியாக்கினால் எனக்கு வசதி. ஆனால் டப்பா ஆபீசிலிருந்துதான் வருகிறதாம், வலித்தால் அவளும் அதையேதான் போட்டுக்கொள்கிறாளாம்.

4.

ஹாஸ்டலில் வெளியே விடுவது மாதத்தில் ஒரு ஞாயிறு. அன்று ஊரில் அந்த டாக்டரம்மா இருக்கமாட்டார். அதனால் ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு, பின்பக்கம் ஏதோ இரண்டு எழுத்து. என் அண்ணன் இல்யாஸ் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான், அவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“பத்திரமா வெச்சுக்கோங்க்கா. இன்னொன்னு எடுக்க முடியாதுங்க.”

வாசல்வரை போனவள் திரும்பினாள். “கல்யாணம் ஆச்சுன்னா... கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?”

மறுநாள் இல்யாஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புருவத்தைச் சுருக்கி

(இல்லை. இந்தக் காட்சியை மூன்று முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நன்றாகவே வருகிறது. ஆனால் இது நடக்கவில்லை.)

5.

நடந்தது இது. திங்கட்கிழமை எனக்கு இரண்டாம் நாள். காலையிலிருந்தே நிமிர முடியவில்லை. மதன்குமார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். “மேடம், மத்தியானத்துக்குள்ள கட்டுரை வேணுமுங்க.” வெந்நீர்ப் பை வைத்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன், என்னுடைய ஒன்பது வழிகளில் ஆறு வழிகளைச் செய்து பார்த்தேன். வீட்டில் மாத்திரை இல்லை. தெருமுனைக்குப் போனால் கடை இருக்கிறது. நைட்டியை மாற்ற வேண்டும், படியிறங்க வேண்டும். மேஜைமேல் பொட்டலம் இருந்தது.

ஹரிதாவின் மாத்திரையை நான் விழுங்கிவிட்டேன்.

ஒரு பெண் நாள் முழுக்க வலியைத் தாங்கிச் சேர்த்த சாட்சி அது. அதை என் வலிக்குத் தின்றேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் இருபதே நிமிடம். அவள் சொன்ன கணக்குச் சரி. எழுந்து உட்கார்ந்து கட்டுரையை முடித்தேன். அதில் ஐந்தாவது குறிப்பு: ‘பெயர் தெரியாத மாத்திரைகளை ஒருபோதும் உட்கொள்ளாதீர்கள்.’

6.

புதன்கிழமை கூப்பிட்டாள்.

“ஏனுங்க்கா, அண்ணங்கிட்டக் காட்டுனீங்களா?”

“காட்டினேன் கண்ணு. சாதாரண வலி மாத்திரைதானாம்.”

இந்த வரியை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. கதை எழுதுகிறவள் வாய் அப்படித்தான், காலியிடத்தைக் கண்டால் எதையாவது போட்டு நிரப்பும்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. “நெசமாவாங்க்கா? நான் என்னென்னமோ நெனச்சுப்போட்டேனுங்க.”

போன மாதம் மறுபடி கூப்பிட்டாள். இப்போது நாக்கோடு கையையும் விரித்துக் காட்டச் சொல்கிறார்களாம். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

“நீங்க சொன்னதுக்கப்புறம் பயமில்லாமப் போட்டுக்கறேனுங்க. எங்க ரூம்ல எட்டுப் பேருங்க்கா. அல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன்.”

டாக்டரம்மாவைப் பார்த்தாயா என்று கேட்டேன். எதற்கு என்றாள்.

7.

முடிவுகள். ஒன்று: நான் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறேன். இதை எழுத இரண்டு நிமிடம் ஆனது. செய்ய நான்கு மாதமாக முடியவில்லை. இரண்டு: மில்லில் சோதனை நடக்கிறது, டப்பா சிக்குகிறது. இது என்னைத் தப்பவைக்கும் முடிவு. மூன்று: அது உண்மையிலேயே சாதாரண மாத்திரைதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே? இந்த மூன்றாவதை வைத்துக்கொண்டுதான் தினமும் சோறு தின்கிறேன். ஆனால் நான் தின்றது ஒன்று. அவள் தின்றது

இந்தக் கதையும் அதே இணைப்பிதழுக்குத்தான் போகிறது. ஹரிதா ஒரு வரி விடாமல் படிப்பாள். எட்டாவது பகுதியில் இரண்டே வரி எழுதியிருக்கிறேன்: ‘அது என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியாது கண்ணு. நான் யாரிடமும் காட்டவில்லை, நீங்கள் எட்டுப் பேரும் போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.’

முதலில் வைத்திருக்க வேண்டிய வரிகள். கடைசியில் வைத்திருக்கிறேன். மதன்குமார் எங்கே வெட்டுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பகுதியையும் அவர் படிப்பார் என்பதால், பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்துக்குத்தான் அனுப்புவேன். அந்த அவசரத்தில் அவர் எதையும் படிப்பதில்லை, நீளத்தை மட்டும் பார்ப்பார். மேலே ‘எட்டுப் பகுதிகள்’ என்று போட்டதும் நான்தான்.

இவ்வளவையும் படித்த பிறகும் அவள் எண்ணுவாள். “அக்கா, எட்டாவதக் காணமுங்க” என்று கூப்பிடுவாள். போன் என் மேஜைமேல்தான் இருக்கும், அந்தப் பொட்டலம் இருந்த இடத்தில். நான் எடுத்தேனா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.