சபாவுக்குப் போகாதவள்

கடல் அறிவியல் படிக்க, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா மாநிலத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று தினேஸ்வரி சொன்னபோது, அவள் அம்மா வீரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சபாவா? அதுக்குப் பிளேன்லல்ல போவணும்" என்றாள். தலை நிமிரவில்லை.

தினேஸ்வரிக்கு மீன் என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். சித்தியவானில் இருக்கும் பெரியப்பா, கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் ஒரு சீனரிடம் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறை என்றால் அங்கேதான் கிடப்பாள். ஒருமுறை கூண்டிலிருந்த சியாக்காப் மீன்கள் மொத்தமும் செத்து வயிறு தெரிய மிதந்தன. ஏன் என்று முதலாளிக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த ஆசை, பல்கலைக்கழகம் நுழைய எழுதும் எஸ்.டி.பி.எம். பரீட்சை வரைக்கும் அவளை விடவில்லை.

கம்பாரிலும் ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டிருந்தது. கணக்கியல். சும்மா போட்டு வைப்போம் என்று டீச்சர் சொன்னதால் போட்டது. ஈப்போவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

வீட்டில் தாயும் மகளும்தான். ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்று, மரங்களைத் தள்ளி வீடு கட்ட ஆரம்பித்தபோது தொழிலாளர் லயத்தைவிட்டு வந்தவர்கள். ஈப்போவுக்கு வெளியே இந்த மலிவு விலை வீட்டை வாங்கிய அப்பா, இரண்டு வருஷத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் மகேந்திரன் ஜொகூரில் வேலை. கல்யாணமாகி அங்கேயே இருந்தான்.

இடத்தை ஏற்றுக்கொள்ள மறுநாள்தான் கடைசி என்றிருந்தபோது வீரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பெரியம்மா செல்லாயி அன்றைக்குச் சித்தியவானிலிருந்து வந்திருந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். முட்டி லேசாக வீங்கியிருந்தது.

"நீ போ. தாராளமா போ" என்றாள் வீரம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் இப்படி ஒருநாள் விழுந்து கெடப்பேன். மூணாம் நாளு நாத்தம் அடிச்சா பக்கத்து வீட்டுச் சீனத்தி உனக்குப் போன் பண்ணுவா. அப்ப பிளேன் ஏறி வா."

"அம்மா, அப்படிப் பேசாதீங்க."

"வேற எப்படிப் பேசச் சொல்ற? புருஷன் போயிட்டான். மவன் பொண்டாட்டியோட போயிட்டான். நீயும் போ."

செல்லாயி தங்கையின் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி சொன்னாள்: "பொம்பளப் புள்ள கம்பார்ல படிச்சா ஆவாதா? பெத்தவளைவிட மீனாடி பெருசு?"

தினேஸ்வரி அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "அம்மாவ யாரு பாக்குறது, நான் வேலைய விட்டுட்டு வரவா?" என்றான் அவன். "நீயே யோசிலா."

மறுநாள் மத்தியானம் அவள் சபாவை மறுத்துவிட்டாள். கைபேசியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். வீரம்மா அன்று சாயங்காலமே எழுந்து கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ருசியாக இருந்தது.

தினேஸ்வரி கம்பாருக்குப் போய் வரத் தொடங்கினாள். பற்றும் வரவும் மண்டையில் ஏறவில்லை. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அம்மாவுக்காகத்தான் என்று நினைத்துக்கொள்ளும்போது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இரண்டாம் பருவத்தின் நடுவில் அண்ணி ரோஷினிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும் என்று மகேந்திரன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். தினேஸ்வரி வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது, காரின் பின்பெட்டியில் பாதி வீடு ஏறியிருந்தது. குக்கர், மிக்ஸி, சாமி படங்கள், அப்பாவின் போட்டோ. வீரம்மா கையில் அரிசி வாளியோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"எப்பம்மா வருவீங்க?"

"வர்றதா? ரெண்டு புள்ளைங்கடி. அவ ஒருத்தியா என்ன பண்ணுவா?"

மகேந்திரன் பின்பெட்டியைச் சாத்தினான். "வீட்டை நேப்பாளப் பசங்களுக்கு வாடகைக்குப் பேசி விட்டுட்டேன். வர்ற மாசம் வந்துருவானுங்க. நீ கம்பார்லயே ரூம் பாத்துக்கலா. பஸ் அலைச்சலும் இல்ல."

"அடுத்த வாரம் எனக்குப் பரீட்சைண்ணே."

"அதான், கிட்டக்கவே இருந்தா நல்லதுதானே."

வீரம்மா முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிவிடச் சொன்னாள். மகளிடம்தான் சொன்னாள். தினேஸ்வரி குனிந்து மாட்டிவிட்டாள்.

குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் நாளுக்கு அவள் ராத்திரி பஸ் பிடித்து ஜொகூருக்குப் போனாள். ரோஷினியின் சொந்தங்களால் வீடு நிரம்பியிருந்தது. வீரம்மா புதுச்சேலையில், மடியில் ஒரு பேரனோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ரோஷினியின் அத்தை ஒருத்தி, தினேஸ்வரி என்ன படிக்கிறாள் என்று கேட்டாள்.

"கணக்குதான்" என்றாள் வீரம்மா. "சபாவுல பெரிய படிப்பு கெடச்சுச்சு. இவதான் பயந்துக்கிட்டா. அம்மாவ விட்டுட்டு இருக்க மாட்டேன்னு ஒரே அழுவ. நான் போடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல."

கூடத்தில் சிரித்தார்கள். அம்மா செல்லம் போல என்றாள் அந்த அத்தை.

தினேஸ்வரி கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்கதானம்மா நான் போனா விழுந்து கெடப்பேன்னு சொன்னீங்க."

"நானா?" வீரம்மா சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். "பாத்தீங்களா, இவ பயத்துக்கு என் தலைய உருட்டுறா."

செல்லாயி நான்கு பேர் தள்ளி உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, அன்னைக்கு நீங்க இருந்தீங்கல்ல. சொல்லுங்க."

செல்லாயி வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "எனக்கு என்னடி ஞாபகம் இருக்கு. நல்ல நாளும் அதுவுமா."

மகேந்திரன் வந்து தங்கையின் தோளில் கைவைத்து அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "டிராமா வேணாம்லா. போயி தண்ணி கலக்கு, ஆளுங்க வந்துட்டாங்க."

அவள் போய் ரோஜாப் பாகு ஊற்றிச் சீராப் தண்ணி கலக்கினாள். எல்லோருக்கும் கொடுத்தாள். அம்மாவுக்கும் ஒரு குவளை கொடுத்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

பேரன்கள் தவழத் தொடங்கியபோது ரோஷினியின் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பிள்ளை பார்க்க வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வீரம்மாவின் சமையலில் உப்பு கூடியது, குளிப்பாட்டுவதில் குறை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பாருக்குப் போன் வந்தது.

"ரோஷினி என்னை அடுப்படியில படுக்கச் சொல்றாடி" என்றாள் வீரம்மா. அழுதாள். "நான் உங்கிட்டயே வந்துர்றேன். ஒரு ஓரமா கெடந்துக்குறேன்."

தினேஸ்வரி இருந்தது ஒரு கடைக்கு மேல்மாடி அறை. இன்னும் இரண்டு பெண்கள் கூட இருந்தார்கள். அடுத்த மாசம் அவர்கள் காலி செய்யப்போகிறார்கள், வேண்டுமானால் அறையை அவளே எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் முந்தாநாள்தான் சொல்லியிருந்தார்.

"இங்க எடம் இல்லம்மா."

"அப்ப நான் எங்கடி போவேன்?"

"பெரியம்மாகிட்ட கேளுங்க."

செல்லாயி ஒரு வாரம் வைத்துக்கொள்வாள், அதற்குமேல் மாட்டாள். அது தெரிந்துதான் சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சுவதும், தூரத்தில் குழந்தை ஒன்று கத்துவதும் கேட்டது. தினேஸ்வரி போனை வைத்துவிட்டு, ஆறிப்போன மீ நூடுல்ஸைச் சாப்பிட உட்கார்ந்தாள். போன் மறுபடியும் அடித்தது. அது அடித்து ஓயும்வரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.