மாமனாருக்கு ஊற்றிய தேநீர்

அன்று மத்தியானம் சத்திபால்தியின் தேநீர்க்கடையில் நான்கு பேர் இருந்தார்கள். கதவுக்கு எதிரே, விருந்தாளிக்கென்று ஒதுக்கிய மேலிடத்தில், கம்பளித் திண்டில் சாய்ந்திருந்தவர் ஒமுர்சாக். கம்பளி நிறுக்கும் அரசு அலுவலகத்தை மூடிய பிறகு அவருக்கு அலுவலகம் இந்தத் திண்டுதான். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரமாக, மாவு லாரி ஓட்டும் நூர்தின்; வெளியே நின்ற வண்டியின் மேல் ஒரு கண் வைத்திருந்தான். அடுப்படி வாசலில் முக்காலி போட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கடையில் வேலை செய்யும் களிமான் அக்கா. வாசலை ஒட்டிய கடைசி இடத்தில் கடைக்காரன் சத்திபால்தி. அவன் முன்னால் வரி போட்ட தாள், பேனா, உறை. தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்து இடம் மட்டும் காலி. அது அவன் மனைவி சூராகான் உட்காரும் இடம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பனி இன்னும் விழவில்லை. விழுந்தால் அந்தப் பக்கத்துக்கு வண்டி எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடிதம் இன்றே நூர்தினோடு போயாக வேண்டும்.

"'என் உயிரே'ன்னு ஆரம்பிடா," என்றான் நூர்தின்.

"அவ அப்பாவை எதிர்ல வச்சுக்கிட்டுத்தான் கடுதாசியப் பிரிப்பா. கிழவர் காதுல 'உயிரே' விழணுமா?" என்றாள் களிமான்.

சத்திபால்தி 'சூராகானுக்கு' என்று எழுதிவிட்டு நிறுத்தினான். பட்டாளத்தில் மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதியவன்தான். நலம், நலமறிய அவா, உணவு நன்று, குளிர் அதிகம். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை.

ஆப்கன் மலைகளிலிருந்து திரும்பியபின் கூட்டுப்பண்ணையின் வண்டிக் கொட்டடியில் வேலை பார்த்தான். பண்ணையே இல்லாமல் போனதும், சாலைப் பணியாளர்கள் கைவிட்டுப் போன இந்தக் குடிலுக்கு அவனும் சூராகானும் சுண்ணாம்பு அடித்துக் கடை போட்டார்கள். முதல் மாதம் ஈ ஓட்டினார்கள். பின்னே, பட்டாளத்துப் பழக்கத்தில் அவன் காலையில் சீழ்க்கை ஊதிக் கடை திறந்து, மத்தியானம் மணி ஒன்றானதும் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் யார் வருவார்கள்? "சோறு விக்கிற கடையச் சோத்து நேரத்துல பூட்டுற ஆம்பளைய நான் இங்கதான் பாக்குறேன்," என்று சூராகான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து கடை நடந்தது.

அவள் அப்பா காசிமாலி ஆட்டு மந்தையோடு வாழ்ந்தவர். வந்தவனிடம் காசு வாங்கிக்கொண்டு தேநீர் கொடுப்பதா என்று இரண்டு வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மகள் ஆள்மேல் ஆள் விட்டுக் கெஞ்சியபின், ஒரு பை உலர்ந்த தயிர் உருண்டையோடு நூர்தினின் லாரியில் வந்து இறங்கினார். சூராகான் அடுப்படியில் கைவேலையாக இருந்தாள். சத்திபால்தியே ஊற்றினான். மதிப்பான விருந்தாளிக்குக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்ற வேண்டும். குடிக்கக் குடிக்க ஊற்றுவதில்தான் 'இரு, இன்னும் இரு' என்ற சொல் இருக்கிறது. நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவன் விளிம்பு தளும்ப ஊற்றி நீட்டினான். கிழவர் கிண்ணத்தைப் பார்த்தார். விருந்து முடிந்ததற்கு அடையாளமாக இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். அடுப்படியிலிருந்து வந்த சூராகானும் கிண்ணத்தைப் பார்த்தாள். "அவர் தனியாப் போகக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

"கை தவறிப் போச்சுன்னு எழுது," என்றார் ஒமுர்சாக். "லாரிக்காரனுங்க அவசரக் குடுக்கைங்க, நிறைய ஊத்தச் சொல்வானுங்க, அதே பழக்கத்துல ஊத்திட்டேன்னு எழுது. கிழவன் நம்புவான்."

"எங்க தலையில போடு. தாங்குவோம்," என்றான் நூர்தின்.

நல்ல காரணம். சத்திபால்தி 'கை' என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றது.

"கை தவறல," என்றான்.

நூர்தின் ஜன்னலிலிருந்து திரும்பினான்.

"உங்களுக்கு ஊத்துறது ஒத்தைக் கையால. அன்னிக்கு ரெண்டு கையாலயும் பிடிச்சு ஊத்தினேன்." தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாங்க இருந்த மலையில தண்ணி கிடையாது. கீழேயிருந்து சுமந்து வரணும். ஆளுக்கு அரைக் குவளை. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரினாத்துன்னு ஒருத்தன் தன் பங்கையும் என் குவளையில ஊத்துவான், தளும்பத் தளும்ப. ஒருநாள் தண்ணி எடுக்க இறங்கினான். வரல. அன்னிக்கு மாமா வாசல்ல குனிஞ்சு பூட்ஸைக் கழட்டினாரு. ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்காரேன்னு... என்கிட்ட இருந்ததை ஊத்தினேன்."

களிமானின் கை மாவிலேயே நின்றுவிட்டது. "சூராகானுக்கு இது தெரியுமா?"

"கேப்பா. சமோவாரைப் பாக்கணும்னு எழுந்து போயிடுவேன்."

"அதானே. கிண்ணம் ஒண்ணுக்காக மட்டும் ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா, மடையா?"

அவன் அந்தத் தாளை மடித்து ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தான். 'மரியாதைக்குரிய மாமாவுக்கு' என்று தொடங்கினான். ஒமுர்சாக் திண்டிலிருந்து நிமிர்ந்தார். "ஏன்டா, அவருக்குத்தான் கண்ணுல புரை விழுந்து எழுத்தே தெரியாதே?"

"ஆமா," என்றான் சத்திபால்தி. "அவதான் வாசிச்சுக் காட்டணும்."

களிமான் குனிந்து மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள். சாலையில் ஒரு வண்டி நின்று இரண்டு பேர் தேநீர் கேட்டு வந்தார்கள். நூர்தினே எழுந்து போய் ஊற்றிக் கொடுத்தான். தாளின் முதல் பக்கம் நிறைந்ததும் சத்திபால்தி திருப்பினான். ரினாத்தின் பெயர் வரும் இடத்தில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, பிரித்துப் பிரித்து எழுதினான். சூராகான் தடங்கலில்லாமல் படிக்க வேண்டும். சாயங்கால வெயில் படியேறும்போது கடைசி வரி முடிந்தது. நாவால் தடவி உறையை ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினான்.

"மாவு படாமக் கொண்டு போ."

"பட்டா ரொட்டி சுட்டுக்கட்டும்," என்ற நூர்தின், சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. சத்திபால்தி சாலை ஓரம் வரை போனான். மூட்டைகளுக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து படபடப்பதைப் பார்த்துக் கூப்பிடக் கையைத் தூக்கினான். வண்டி முதல் வளைவில் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.