தம்பியின் சாவு துர்மரணம் அல்ல

சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திராவோடு சேர்ந்த வருஷம் அது. ஆவணியில் மகள் சுலோசனாவுக்குக் கல்யாணம் என்று வேதாச்சலம் புத்தூரில் பேசி முடித்திருந்தார். தாம்பூலம் மாற்றிய பிறகுதான் சம்பந்தி நாகபூஷணம் அந்தச் சங்கதியைக் கிளப்பினார்.

வேதாச்சலத்தின் தம்பி திருவேங்கடம் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டையில் செத்தவன். ரங்கூனுக்கு அந்தாண்டை ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, பேர் வெட்டிய கல் நட்டிருந்தார்கள். அங்கே தோட்டவேலை பார்க்கும் பச்சையப்பன் என்ற தமிழர், வாரம் தவறாமல் புல் பிடுங்கித் தண்ணீர் விடுவதாகக் காகிதம் எழுதியிருந்தார். பெருமை தாங்காமல் வேதாச்சலம் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டியதுதான் வினையாயிற்று. அவர்கள் குடும்பங்களில் எரிப்பதுதான் வழக்கம்.

"எரிக்காத பொணம் வூட்டுக்கு ஆவாது. திருப்பதியில தர்ப்பைப் பொம்மை செஞ்சி கொள்ளி வச்சிடு சம்பந்தி. அப்புறம் பந்தக்கால் நடலாம்" என்றுவிட்டார் நாகபூஷணம்.

வேதாச்சலம் முடியாது என்றார். மனைவி ருக்மணி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

திருப்பதி கபிலதீர்த்தத்தில் வேதாச்சலம் முழுகி ஈரவேட்டியோடு தெற்கே பார்த்து உட்கார்ந்தார். எதிரே தர்ப்பைப் பொம்மை ஆள் மாதிரியே மல்லாந்து கிடந்தது. ருக்மணி பக்கத்தில் நின்றாள். சாட்சிக்கு நாகபூஷணமும் வந்திருந்தார்.

"நேனு செப்பினட்டே, நான் சொல்றபடியே சொல்லணும்" என்றார் சடங்கு நடத்திய ஐயர். "துர்மரணம் அடைந்த என் தம்பி..."

வேதாச்சலம் குறுக்கிட்டார். "துர்மரணம்னா இன்னா சாமி?"

"தூக்கு மாட்டினது, கிணத்துல விழுந்தது, பாம்பு கடிச்சது, ஆயுதத்தால போனது. சாகக்கூடாத சாவு."

வேதாச்சலம் கையிலிருந்த எள்ளைக் கீழே கொட்டினார். "நான் சொல்ல மாட்டேன்."

"மந்திரம்தானே, சும்மா சொல்லுங்கோ."

"சும்மா சொல்ல, அவன் சும்மா சாவல சாமி. பாலத்தைக் காவல் காத்தவன். கூட இருந்தவங்க ஓடியாந்துடுடான்னு கூப்பிட்டப்பவும் நின்னான். கேப்டன் எழுதின கடுதாசிய எங்க நைனா சாவற வரைக்கும் தலைமாட்டுல வச்சிகினு இருந்தாரு. அத்த நான் இங்க பொய்னு சொல்லணுமா?"

நாகபூஷணம் எழுந்தார். "இன்னா சம்பந்தி ரகளை? புல்லுப் பொம்மைதான? அன்னிய மண்ணுல அனாதைப் பொணமா கெடக்கறவனுக்கு இவ்ளோ ரோஷமா?"

"யாரு அனாதை?" கேட்டது ருக்மணி. "ஊர் பேர் தெரியாத மனுஷன் வாராவாரம் தண்ணி ஊத்தறாரு. பொண்ணு எடுக்கற எடத்துல நீ ஒரு நல்ல வார்த்தை ஊத்தல!"

நாகபூஷணம் அவளைப் பார்க்காமல் வேதாச்சலத்திடம், "அப்ப கல்யாணம்?" என்றார்.

"நேத்து மெட்ராஸ், இன்னிக்கி ஆந்திரான்றாங்க. எங்க ஊரே நின்ன எடத்துல நிக்கல. எந்தம்பி நின்னான். அவன் செத்ததுக்கு மன்னிப்புக் கேட்டு எம்பொண்ணுக்குத் தாலி வாங்க மாட்டேன்."

நாகபூஷணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஐயர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். பிறகு பொம்மையின் முடிச்சை அவிழ்த்துப் புல்லைத் தனியே ஒதுக்கினார். "அந்த வார்த்தை வேண்டாம். வீட்டுப் பெரியவங்களுக்கு விடற மாதிரியே விடுங்கோ" என்று புது எள் எடுத்துக் கொடுத்தார். வேதாச்சலம் தம்பி பேரை மூன்று முறை உரக்கச் சொல்லித் தண்ணீர் விட்டார்.

படியேறும்போது, "சுலோசனாகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

"வாணாம், நான் சொல்றேன். நீ சொன்னா சண்டைக்குக் கூப்படற மாதிரி இருக்கும்" என்றாள் ருக்மணி. அவள் கண் கலங்கியிருந்தது.

புத்தூர் வழியாகப் போக ஒரே பஸ்தான் நின்றது. நாகபூஷணம் கடைசி சீட்டில் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்சீட்டிலிருந்த நகரி ஊர்க்காரர் ஒருவர் வேதாச்சலத்துக்கு இடம் ஒதுக்கி, "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

வேதாச்சலம் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்றுகொண்டு, கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: "பர்மா சண்டையில செத்த எந்தம்பிக்கு எள்ளுத்தண்ணி விட்டுட்டு வரேன்."