சிரித்தால் வெளியே

தண்டையார்பேட்டையில் பிரெஞ்சு சொல்லித்தருகிறார்கள் என்றால் நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "பிரெஞ்சா? இங்கியா?" என்று பாதிப் படியில் நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே வருவார்கள். ஏன், இங்கே வந்தால் பிரெஞ்சுக்குத் தீட்டு ஒட்டிக்கொள்ளுமா? கீழே லாரி டயர் குடோன், மேலே எங்கள் பள்ளிக்கூடம். படி ஏறினதும் தெரிகிற முதல் மேசை என்னுடையது. பெயர் வரலட்சுமி. சேர்க்கை, வருகைப்பதிவு, கதவைத் திறப்பது, சாத்துவது, வருகிறவர்களிடம் சண்டை போடுவது எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கோபம் சட்டென்று வரும். மெஹ்னாஸ் மிஸ் என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மிஸ் ராயபுரத்துக்காரர். காலேஜ் படிக்கும்போது ஊரின் அந்தக் கோடியில் ஒரு பெரிய இடத்துக்குப் பிரெஞ்சு கற்கப் போயிருக்கிறார். முதல் வாரமே எதற்கோ "புக்கு வூட்ல கீது" என்று வாய் தவறி வந்துவிட, மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. டீச்சரும் சேர்ந்துதான். அப்புறம் அந்த வகுப்பு முடிகிறவரை அவர் வாயே திறக்கவில்லையாம். பிறகு பாண்டிச்சேரிக்குப் போய் முறையாகப் படித்து, நல்ல நல்ல இடங்களில் கூப்பிட்டும் போகாமல், இங்கே வந்து பலகை மாட்டினார். இந்தக் கதையை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அதனால் எங்கள் விதிகளும் கொஞ்சம் வேறு மாதிரி. சேர வேண்டியவர்தான் நேரில் வர வேண்டும். மகனுக்காக அப்பா, மனைவிக்காகப் புருஷன் என்று யார் வந்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். போன மாதம்கூட வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மகனுக்கு இடம் கேட்டு வந்தார். "பையன் எங்க?" என்றேன். "வூட்ல தூங்கினுகிறான்மா." "எழுந்ததும் வரச் சொல்லுங்க" என்று அனுப்பினேன். சேர வந்தவர் முதலில் ஒரு வகுப்பு முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, எதற்காகச் சேர வந்தேன் என்று எல்லோர் முன்னாலும் தன் வாயால், தனக்கு வருகிற தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நுழைவுத் தேர்வு.

சேர்ந்த பிறகும் கெடுபிடிதான். போன் என் மேசையில் இருக்கும். நேரம் தாண்டினால் கதவு சாத்தப்படும். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசைகட்டி நின்றது என்ற சாக்கு எங்களிடம் செல்லாது. அது என்றைக்கு நிற்கவில்லை? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. அதைச் சிவப்பு மையில் நானே எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அடுத்தவர் பேசுவதைக் கேட்டுச் சிரித்தால் வெளியே. திரும்ப வர வேண்டுமானால் முதலிலிருந்து சேர வேண்டும். யாரைப் பார்த்துச் சிரித்தாரோ அவர் சரி என்றால்தான் இடம்.

இது சும்மா ஒட்டிவைத்த காகிதம் இல்லை. கொடுங்கையூர் அடுக்குமாடியிலிருந்து வருகிற தீபன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், கூடப் படிக்கிற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ராமதாஸ் அண்ணன் பிரெஞ்சு படித்ததைக் கேட்டு ஒருநாள் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்த நிமிஷமே வெளியே. என் மேசைக்கு எதிரே கிடக்கிற பெஞ்சில் எத்தனையோ வகுப்பு உட்கார்ந்திருந்தான். ராமதாஸ் அண்ணன் லேசில் இறங்கவில்லை. கடைசியில் சரி என்றார். இன்றைக்கு இரண்டு பேரும் தோஸ்து. ஒரே பைக்கில் வருகிறார்கள்.

புஷ்பவல்லி வந்தது அதற்குப் பிறகு. நெட்டுக்குப்பத்துப் பெண். படகுக் குடும்பம். நர்ஸிங் படித்துவிட்டு, திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. லீவு நாளில் அம்மாவுக்குப் பதிலாக மீன் ஏலம் விடுவாள். சின்ன வயசிலிருந்தே பழக்கம். விதிப்படி ஒரு வகுப்பு வாய்மூடி உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள்.

"கனடாவுல பிரெஞ்சு பேசுற ஊர்ல நர்ஸ் வேல கீது. எனக்கு வேணும். இன்னொண்ணு, என் கொரலு சத்தமாத்தான் வரும். கொறைக்க வராது. இப்பவே சொல்லிட்டேன்."

கீழே குடோன் வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. மிஸ் எழுந்து வந்து கைகொடுத்தார்.

அந்தப் பெண் படித்த படிப்பை நான் கண்ணால் பார்த்தேன். நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் சிவக்க வருவாள். ஒரு நாள்கூட அவள் நேரம் தாண்டி வந்து நான் கதவைச் சாத்தியதில்லை. வருஷம் முடிவதற்குள் கனடாவிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் வழியாக, முழுக்கப் பிரெஞ்சில். இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதில் தேறினால் வேலை, இல்லையென்றால் அந்த வாசல் மூடின மாதிரிதான்.

பிரஷர், காய்ச்சல், மருந்து அளவு எல்லாம் எண்ணில்தானே சொல்ல வேண்டும்? அன்றைக்கு மிஸ் எல்லோரையும் எண் சொல்ல வைத்தார். புஷ்பவல்லி எழுந்தாள். அவளுக்கு எண் என்றாலே ஏலம்தான். "காராந்த்!" என்று நாற்பதைச் சொல்லி இடப்பக்கம் பார்த்தாள். "சேங்காந்த்!" என்று ஐம்பதைச் சொல்லி வலப்பக்கம் பார்த்தாள். அறுபது வந்ததும் கையை நீட்டி, மேலே யாராவது கேட்கிறார்களா என்பதுபோல, "சுவாசாந்த்... சுவாசாந்த்..." என்று நிறுத்தினாள். கதவோரம் நின்ற நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். தீபன் தரையைப் பார்த்தான். ராமதாஸ் அண்ணன் கூரையைப் பார்த்தார். எல்லோரும் தப்பித்துவிட்டார்கள்.

சிரித்தது மிஸ்.

சின்னச் சிரிப்புதான். பிள்ளை நடக்கிறதைப் பார்த்துத் தாய் சிரிப்பாளே, அந்த மாதிரி. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே? புஷ்பவல்லியின் கை அப்படியே நின்றது.

"நீங்களுமா மிஸ்?" என்றாள். அவள் குரல் சன்னமாக வந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மிஸ் கையிலிருந்த மார்க்கரை மேசைமேல் வைத்தார். நேரே வெளியே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வரலட்சுமி, என் பேரை எடுத்துடுங்க."

"இன்னா மிஸ், வெளையாடுறீங்களா? பாடம் யாரு எடுக்கிறது?"

"கதவுல எழுதியிருக்கிறதைப் படிங்க. டீச்சர் தவிரன்னு எழுதியிருக்கா?"

எழுதியது நான்தானே. உள்ளே ராமதாஸ் அண்ணன் புத்தகத்தைத் திறந்து அவரே வாசிக்க ஆரம்பித்தார். தீபன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "அந்தப் பக்கம் பெஞ்சு ஆடும் மிஸ். சுவரோரம் ஒக்காருங்க" என்றான். அனுபவஸ்தன்.

அடுத்த வகுப்புக்குப் புஷ்பவல்லி வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மிஸ் பெஞ்சிலேயே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு அடுத்த வெள்ளிக்கெழமை இன்டர்வியூ. நீங்க இங்க ஒக்காந்து தவம் பண்ணா அவ பாஸாயிடுவாளா? பேஜாரு பண்ணாம எழுந்திரிங்க மிஸ். வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

மிஸ் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது வரலட்சுமி? என்னைப் பாத்து சிரிச்ச டீச்சர் மூஞ்சி இன்னும் மறக்கல எனக்கு. இப்ப நானே அந்த மூஞ்சி ஆயிட்டேன்."

எப்போதும் அளந்து பேசுகிறவர் வாயில் அன்று ராயபுரம் அப்படியே வந்தது. "அதே மூஞ்சிய வெச்சிக்கினு வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோ பிடித்து நெட்டுக்குப்பம் போனோம். படகுகள் வந்து கரையில் கூட்டம் மொய்த்தது. நடுவில் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு புஷ்பவல்லி ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். அடடா, அந்தக் குரலை அதன் சொந்த இடத்தில் கேட்க வேண்டும்! காற்று, இன்ஜின் சத்தம், காக்காய்க் கூச்சல் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கடைசியில் நிற்கிறவன் காதில் போய் விழுந்தது. எங்களைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. கையிலிருந்த கூடையை விற்று முடித்த பிறகுதான் திரும்பினாள்.

மிஸ் அவள் முன்னால் போய் நின்றார். "சிரிச்சேன். தப்பு. திரும்பச் சேரணும்னு வந்திருக்கேன்."

புஷ்பவல்லி முகத்தைத் துண்டால் துடைத்தாள். "பேங்க்ல சிரிப்பாங்க, ஆஸ்பத்திரில சிரிப்பாங்க. எனக்கு அது பயக்கம்தான் மிஸ். ஒங்க எடத்துல மட்டும் சிரிக்க மாட்டாங்கன்னுதான் நான் வந்தேன்."

மிஸ் தலையாட்டினார்.

"சேரணும்னா மொதல்ல ஒரு கிளாஸ் வாய் தொறக்காம ஒக்காரணும். ரூல் தெரியும்ல?" என்று ஐஸ் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளினாள் புஷ்பவல்லி.

மிஸ் உட்கார்ந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை ஓரம் முழுக்க மீன் தண்ணீர். வெயில் ஏறியது. ஏலம் முடிகிறவரை ஒரு வார்த்தை பேசாமல், புஷ்பவல்லியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கூடை மடவை மீன் மிஞ்சியது.

"இப்ப எழுந்து எல்லார் முன்னாலயும் பேசணும். இந்தக் கூடைய நீங்க விடுங்க மிஸ்" என்றாள் அவள்.

மிஸ் எழுந்தார். புடவையைச் சரிசெய்தார். "இந்தக் கூடை... இருநூறு ரூபாய். இதற்குமேல் யாராவது கேட்கிறீர்களா?" என்றார்.

அவ்வளவுதான், கரையே கொல்லென்று சிரித்தது. "இன்னாமா, ரேடியோல நியூஸ் வாசிக்கிறியா?" என்று ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மிஸ்ஸுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஆளை நோக்கி ஒரு எட்டு வைத்தேன். அதற்குள் ஒரு சத்தம்.

"யாரு சிரிச்சது?"

புஷ்பவல்லிதான். கரை மொத்தமும் அடங்கியது.

"அவங்க பேசுறாங்கள்ல? பேசி முடிக்கட்டும். சிரிச்சவன் வெளிய போ! மாமா, ஒன்னியத்தான் சொல்றேன். போ!"

சிரித்த ஆள் அவளுடைய சொந்தத் தாய்மாமன் திருமலை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனுஷன் முணுமுணுத்தபடி கூட்டத்தை விட்டு விலகி, தூரத்தில் படகோரம் போய் நின்றான்.

"நீங்க சொல்லுங்க மிஸ்" என்றாள் புஷ்பவல்லி. "வயித்துலேந்து சொல்லணும். தொண்டையிலேந்து இல்ல."

மிஸ் மறுபடி ஆரம்பித்தார். குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. ஒருதரம், ரெண்டுதரம் என்று தட்டுத்தடுமாறி வந்தார். ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது, கையைத் தூக்கிவிட்டேன். "மூணுதரம்!" என்று மிஸ் கத்தினார் பாருங்கள், ராயபுரத்தில் யாரோ திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஒரு கூடை மடவையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"எனக்கு எடம் உண்டா?" என்று மிஸ் கேட்டார்.

"நாளைக்கு வாங்க" என்றாள் புஷ்பவல்லி. "லேட்டா வந்தா கதவ சாத்திடுவேன்."

மறுநாள் நான் வருவதற்கு முன்னாலேயே மிஸ் படியில் நின்றிருந்தார். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தார்கள். குரலைக் குறைக்கச் சொல்லி மிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை புஷ்பவல்லி வகுப்பறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினேன். மிஸ் பெஞ்சில், ஆடுகிற பக்கமே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. பிரெஞ்சு எனக்கு அரைகுறை. எண்கள் மட்டும் புரிந்தன. காராந்த், சேங்காந்த் எல்லாம் கதவைத் தாண்டி, படியைத் தாண்டி, தெருவுக்கே போயின.

கீழே டயர் உருட்டிக்கொண்டிருந்த ஆள் தலையை நீட்டினான். "இன்னாக்கா, மேல ஏலமா?"

"ஆமா. நீ கேக்கிற வெலைக்கு வராது, போய் டயரைப் பாரு" என்றேன்.

கதவு திறந்தது. புஷ்பவல்லியின் முகத்தில் வேர்வை வழிந்தது. மிஸ் எழுந்து நின்றார். நான்தான் கேட்டேன். "இன்னாடி சொன்னாங்க?"

"அவங்க வார்டு ரொம்பப் பெருசாம்க்கா, சத்தமான கொரலுதான் வேணுமாம். இத்தன பேர் பேசினாங்களாம், ஒரு நர்ஸு பேசினது மொத்தமும் புரிஞ்சது இன்னிக்குத்தானாம். பேப்பர் அனுப்புறாங்க." அவள் மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள். "எட்த்துக்கினாங்க மிஸ்!"

மிஸ் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.