வெயிலுமுத்துவின் வலது கைக்கு வார விடுமுறை

வடமாலூரில் ஞாயிறு விடுமுறைச் சட்டப்படி, ஒருவர் எந்த உறுப்பால் பிழைக்கிறாரோ அந்த உறுப்பைச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஓய்வு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு டோக்கனைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பொங்கல், மே தினம் போன்ற நாட்களுக்கும் இதே விதிதான்.

ஆரம்பத்தில் சட்டம் இவ்வளவு தூரம் போகவில்லை. கடையைப் பூட்டினால் போதும் என்றுதான் இருந்தது. ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவு வழியாக வியாபாரம் பார்த்தார்கள். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து போய் ரவிக்கை தைத்து வாங்கினார்கள். அதிகாரிகள் வந்தால், "சும்மா உட்காந்து பேசிக்கிட்டிருக்கோம்" என்றார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அரசாங்கம் கடைசியில் கடையை விட்டுவிட்டு ஆளையே பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து சனிக்கிழமை மாலையானால் அலுவலக வாசலில் வரிசை நிற்கும். டெய்லர் கையைக் கொடுப்பார், தபால்காரர் கால்களைக் கொடுப்பார், வக்கீல் நாக்கைக் கொடுப்பார். ஊரில் ஒரு அரசியல் கட்சிக்காரர் இருந்தார். அவர் எதைக் கொடுப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிப் போவார். வலியெல்லாம் கிடையாது. ஊறுகாய் ஜாடியின் மூடியைப் போல லேசாகத் திருகினால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிடும்.

வெயிலுமுத்து பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் டீ மாஸ்டர். இருபத்தாறு வருஷமாக டீ ஆற்றுகிறவன். இடது கை கிளாஸைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கும், வலது கை குவளையோடு தலைக்கு மேலே போகும். ஆகையால் சட்டத்தின் கணக்கில் அவனுடைய உறுப்பு வலது கை. அதை அவன் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்.

அந்தச் சனிக்கிழமையும் கொடுத்தான். அன்று காலையில்தான் கம்பவுண்டர் வந்து அவனுடைய அம்மா பேராச்சியம்மாளின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பொழுது சாய்வதைத் தாண்டாது என்று சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் எதற்காகக் கையைக் கொடுத்தான் என்று வடமாலூரில் யாரும் கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை, மணி ஆறு, கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேராச்சியம்மாளின் மூச்சு மாறிவிட்டது. அவனுடைய அக்கா முப்பிடாதி பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் பாலாடைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். போகிற உயிருக்குப் பெற்ற பிள்ளை பால் ஊற்றி அனுப்ப வேண்டும். மகளும் பிள்ளைதானே என்று அவள் ஊற்றினாள். உதடு திறக்கவில்லை. பால் கன்னத்தில் வழிந்து தலையணைக்குள் இறங்கியது.

இது எதிர்பார்த்ததுதான். கிழவி நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"எவ வந்து ஊத்துனாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன் பாத்துக்கோங்க. எம் மவன் சோத்தாங்கையால ஊத்தணும்."

வெயிலுமுத்து இடது கையால் ஊற்றிப் பார்த்தான். அந்தக் கை பிறந்ததிலிருந்து வாங்கிக்கொள்ள மட்டுமே பழகிய கை. பால் மூக்கில் ஏறிவிட்டது. பேராச்சியம்மாள் இருமினாள். இருமலுக்குப் பிறகு மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆனது. அவன் பாலாடையைக் கீழே வைத்துவிட்டான். தொண்டை காய்ந்தபடியே அம்மா போய்விடுவாள் போலிருந்தது. கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஆற்றிக் கொடுத்தவனால், பெற்றவளுக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓய்வு அலுவலகத்துக்கு நடந்தான்.

அலுவலகம் திறந்திருந்தது. எழுத்தர் அருளானந்தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் சுவர் முழுக்க மரத் தட்டுகளில் ஊராருடைய கைகளும் கால்களும் துணிப்பைகளில் தூங்கிக்கொண்டிருந்தன.

வெயிலுமுத்து விஷயத்தைச் சொன்னான். அருளானந்தம் இரக்கமில்லாத மனிதர் அல்ல. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, சட்டப் புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டினார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"நீங்க டெய்லரா இருந்தா இந்நேரம் எடுத்துக் கொடுத்துருப்பேன் மாஸ்டர். துணி வெட்டுத கை பால் ஊத்துனா அது வேலையில்ல. ஒங்க கைக்கு பால் ஊத்துததுதான வேலையே?"

வெயிலுமுத்து யோசித்துப் பார்த்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியானால் டீ மாஸ்டர் வேலையை இந்த நிமிஷமே விட்டுவிடுகிறேன் என்றான். விடலாம், ஆனால் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றார் அருளானந்தம். அம்மாவுக்கு ஒரு மாதம் இல்லை. 

அப்போதுதான் வெயிலுமுத்து சுவரிலிருந்த தினக் காலண்டரைப் பார்த்தான். அது வியாழக்கிழமை காட்டியது. கிழிக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டான். அருளானந்தம் இல்லையென்று தலையசைத்தார். ஊர் ஓய்வெடுப்பதை மேற்பார்வை பார்க்க ஞாயிற்றுக்கிழமையில் யாராவது வேலை செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்தால் சட்டம் மீறியதாகிவிடும். அதனால் இந்த அலுவலகம் வார விடுமுறையை மாற்றி வாங்கியிருக்கிறது. தெருவுக்கு ஞாயிறாக இருக்கும்போது இந்த நாலு சுவருக்குள் வியாழன். தெருவுக்கு வியாழன் வந்தால் இங்கே ஞாயிறு, கதவு பூட்டிக் கிடக்கும்.

"எங்க வீட்டுக்கு மாத்திக் கேக்கலாமா?" என்றான் வெயிலுமுத்து.

அருளானந்தம் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். எந்த இடத்துக்கும் கேட்கலாம், ஆனால் அங்கே ஒரு வேலை நடக்க வேண்டும் என்றார். கேள்விகளை அவரே வாசித்தார். இடம்: வீடு, மேலத் தெரு. அங்கே நடைபெறும் வேலை?

"எங்க அம்மை சாகுதாவ" என்றான் வெயிலுமுத்து.

அருளானந்தம் 'சாவது' என்று எழுதினார். வேலையாட்கள் எண்ணிக்கை என்ற இடத்தில் 'ஒருவர்' என்று எழுதினார். எத்தனை நாளாக நடைபெறுகிறது என்பதற்கு 'நான்கு நாள்' என்று எழுதினார். எந்தக் கிழமைக்கு மாற்ற வேண்டும் என்ற கேள்வி வந்தபோது பழைய கோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, மற்ற கிழமைகளையெல்லாம் வாங்கிவிட்டார்கள், செவ்வாய் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது என்றார். செவ்வாயே போதும் என்றான் வெயிலுமுத்து. அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை பிடிக்காது. அதை அவன் சொல்லவில்லை.

கையெழுத்து வலது கையால்தான் போட வேண்டும். அறைக்குள் வியாழக்கிழமை என்பதால் அதற்குத் தடையில்லை. அருளானந்தம் மூன்றாவது தட்டிலிருந்து, தவில்காரரின் கைகளுக்குப் பக்கத்தில் இருந்த பையை எடுத்து வந்தார். கை இளஞ்சூடாக இருந்தது. வெயிலுமுத்து அதை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்ததும் கழற்றித் திரும்பக் கொடுத்தான்.

"இனிமே ஒங்க வீட்டுக்கு இன்னைக்குச் செவ்வாய்" என்றார் அருளானந்தம். "தெருவுக்குச் செவ்வாய் வந்தா கையக் கொண்டாந்து கொடுத்துரணும். விடுமுறை அன்னைக்கு சாகுத வேலை நடக்கப்படாது, கவனம்."

சுடுகாட்டில் இன்றைக்கு ஞாயிறுதான், அப்படியென்றால் கொள்ளி வைக்க இடது கைதான் என்று வெயிலுமுத்து மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான். நெருப்புக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன? சரியென்றான்.

இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அரை மைல் ஞாயிற்றுக்கிழமை கிடந்தது. அதில் அவன் கையை அவனே கொண்டுபோகக் கூடாது. பியூன் செண்பகராமன்தான் கொண்டுபோக வேண்டும். செண்பகராமனுக்கோ நடப்பதுதான் வேலை. வியாழக்கிழமைக்குள் இருக்கும்வரை அவர் விறுவிறுவென்று நடக்கலாம். வாசற்படி தாண்டினால் ஞாயிறு. அதனால் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓய்வு நாளில் காலாற நடக்கிற மனிதராகத் தெருவில் இறங்கினார்.

காலாற நடக்கிறவர் அவசரப்பட முடியாது. செண்பகராமன் மணிக்கூண்டைப் பார்த்தார். சினிமா போஸ்டர் முன்னால் நின்று நடிகர்களின் பெயர்களைக் கடைசிவரை வாசித்தார். எதிரே வந்த ஒருவரிடம் மழை பெய்யுமா என்று விசாரித்தார். தெப்பக்குளத்தில் மீன்களுக்குப் பொரி போட்டார். வெயிலுமுத்து பக்கத்தில் நின்றான். அவனும் இரண்டு பொரி போட்டான். அவசரப்படுத்தினால் அது நடையாக இல்லாமல் வேலையாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவர்கள் மேலத் தெருவுக்கு வந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. வெயிலுமுத்து வாசலில் நின்றபடியே அக்காளிடம் செவ்வாய் என்று சொன்னான். முப்பிடாதி எழுந்து காலண்டரில் ஞாயிறையும் திங்களையும் கிழித்து, மடித்து, குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்தாள். செண்பகராமன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பையைப் பிரித்தார்.

வெயிலுமுத்து கையை மாட்டிக்கொண்டான். சொம்புத் தண்ணீரில் கழுவினான். பாலாடையை எடுத்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "அம்மா, நாந்தாம்மா" என்றான்.

பேராச்சியம்மாள் வாயைத் திறந்தாள். கை பழக்கதோஷத்தில் ஒரு முழம் மேலே போயிற்று. முப்பிடாதி பதறிப் போனாள். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்தும் பால் நூல் பிடித்ததுபோல இறங்கி, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் வாய்க்குள் போனது. தொண்டை ஒரு முறை அசைந்தது. இரண்டாவது முறையும் ஊற்றினான். மூன்றாவது முறை ஊற்றியது உள்ளே போகாமல் வாயிலேயே நின்றது.

வெயிலுமுத்து அழுதான். அம்மாவின் தொண்டை நனைந்துவிட்டது என்ற நிம்மதியும், அம்மா இல்லை என்ற துக்கமும் சேர்ந்தே வந்தன. எதற்காக அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. முப்பிடாதி அவன் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். செண்பகராமன் படிவத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டுமே. பாடை கட்டுகிற இசக்கியிடம் சொல்ல வேண்டும், சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். வெயிலுமுத்து எழுந்தான். வாசலை நெருங்கும்போது செண்பகராமன் தொண்டையைக் கனைத்தார்.

"தெருவுல ஞாயித்துக்கெழம மாஸ்டர். கைய உள்ள வச்சுட்டுப் போங்க."

வெயிலுமுத்து கையைத் திருகிக் கழற்றினான். எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் பாயிலேயே வைத்தான்.

இசக்கி தெருக்கோடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளும் ஓய்வு அலுவலகத்தில் இருந்தன. வெயிலுமுத்து சொன்னதைக் கேட்டுவிட்டு, உயிர் போனது எந்தக் கிழமை என்று விசாரித்தார். செவ்வாய்க்கிழமை என்றான் வெயிலுமுத்து.

"தெருவுல இன்னைக்கு ஞாயிறு. அப்ப சாகுத வேலைக்கு அவுகளுக்கு லீவுல்லா" என்றார் இசக்கி. "தெருவுக்குச் செவ்வா வரட்டும். வந்து நல்லாக் கட்டித் தாரேன்."

வெயிலுமுத்து திரும்பி வந்தான். வீட்டுக்குள் போகவில்லை. உள்ளே போனால் செவ்வாய், அங்கே அம்மா இல்லை. தெருவில் நின்றபடியே ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வழியே போனவர், அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டார். இருக்காங்க என்றான் வெயிலுமுத்து. அவர் தன் வீட்டுத் திண்ணை நாற்காலியைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டுவிட்டுப் போனார்.

உள்ளே முப்பிடாதி சுவரில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தாள். பேராச்சியம்மாள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மகனுடைய வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொடக்கும் தெருவுக்குக் கேட்டது. சுண்டுவிரலில் மட்டும் சொடக்கு விழவில்லை. அவள் அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.