தார்ச்சாலையில் விளைந்த நெல்

2003ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மேடவாக்கத்திலிருந்து சேலையூர் வரைக்கும் தார்ச்சாலையில் நெல் முளைத்தது. ரேணுகாம்பாளின் டிராக்டர் போன தடத்தில் மட்டும், பின்சக்கர அகலத்துக்கு இரண்டு வரிசையாக முளைத்தது. பஸ் ஏறி நசுக்கினாலும் மறுநாள் நிமிர்ந்து நின்றது.

மழை பொய்த்து, தாம்பரம் பக்கத்துக் கிணறுகளெல்லாம் வறண்டிருந்த ஆண்டு அது. கோவளத்து மீன்காரக் குடும்பத்தில் பிறந்த ரேணுகாம்பாள், இருபது வருடம் கூடை சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த பிறகு, கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய டிராக்டரை வாங்கினாள். பெரும்பாக்கத்தில் வற்றாமலிருந்த ஒரு கிணற்றில், டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய தண்ணீர் டாங்கியை நிரப்பிச் சேலையூர் தெருக்களில் ஊற்றுவது தொழில். ஆனால் நாலாயிரம் லிட்டரோடு கிளம்பிய டாங்கி, ஒரு சொட்டு ஒழுகாமலேயே காலியாக வந்து சேர்ந்தது. தண்ணீரையெல்லாம் நெல் குடித்துவிட்டிருந்தது.

"என்னக்கா, இன்னிக்கும் காலியா? காலைலேர்ந்து குடத்தோட வெயிட் பண்றோம்!" என்று எட்டாம் நாள் தெருமுனையில் நிஷா கத்தினாள். கைக்குழந்தைக்காரி. ரேணுகாம்பாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேறு வழியாக ஓட்டிப் பார்த்தாள், ராஜகீழ்ப்பாக்கத்திலும் முளைத்தது. டயரை மாற்றினாள். விற்கப் பார்த்தாள், வாங்க வந்தவர்கள் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் பம்மல் மெக்கானிக் எட்மண்ட், இரண்டு நாள் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தார்.

"வண்டில கோளாறே இல்லக்கா. ஆதியில உழுறதுக்கு ஒரு வண்டி, கதிரடிக்கிற மெஷின சுத்த வேற வண்டி. அப்பாலதான் உழ, வெதைக்க, பாரம் இழுக்கன்னு எல்லாத்துக்கும் ஒரே வண்டியா செஞ்சாங்கோ. இது அந்த சாதி. தண்ணின்னா பயிருக்குத்தான்னு நெனச்சிக்கினு கீது."

"பயிருக்கில்ல, மனுசாளுக்குன்னு அதுக்கு சொல்லேன்யா!"

"சொல்லிப் பாத்துட்டேன்."

ரேணுகாம்பாள் வண்டியின் முன்சக்கரத்தை ஓங்கி உதைத்தாள். கால் விரல்தான் வீங்கியது. ஆனாலும் ஓட்டுவதை நிறுத்தவில்லை; பத்துக் குடமாவது மிஞ்சிய நாட்களும் இருந்தன. மாடுகள் சாலைக்கு வந்தன, பஸ்கள் நின்றன, போலீஸ்காரர் தினமும் திட்டினார்.

கார்த்திகையில் கதிர் முற்றியது. அதுவரை அவளைச் சபித்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாள்மனையோடு இறங்கி அறுத்தார்கள். எட்மண்ட் டிராக்டரின் பக்கச் சக்கரத்தில் பெல்ட் மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டினார். நாலு மாதமாக இருமிய வண்டி அன்று ஒரே சீராக ஓடியது. தெருவில் வீட்டுக்கொரு மூட்டை கிடைத்தது. மில்லில் அரைத்த அரிசியை ஒரு கையிலும் காலிக் குடத்தை மறு கையிலும் பிடித்தபடி நிஷா வந்து நின்றாள்.

"அரிசி இருக்குக்கா. உலை வைக்கத் தண்ணி?"

ரேணுகாம்பாள் டாங்கியை மாட்டிக்கொண்டு பெரும்பாக்கம் கிளம்பினாள். தை மாதம் சாலைக்குப் புதுத் தார் போட வந்தவர்கள், இரண்டாம் போகம் முற்றட்டும் என்று ரோலரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனார்கள்.