நூற்றேழாவது முள்

பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கல்லுடைத்து முடித்துக் கைவிட்ட பாறைக்குழி ஒன்று இருக்கிறது. அறுபதடி ஆழம், பச்சைத் தண்ணீர். முன்பு லாரிகள் இறங்கிய சரிவில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைன் வீடுகள் மொத்தமும் துவைக்கும், குளிக்கும்.

மாரிச்செல்வம் அதில் நெடுந்தூண்டில் போடுவான். குழியின் நீளத்துக்கு ஒரே கயிறு. நாலடிக்கு ஒன்றாக அதில் தொங்கும் கிளை நூல்கள், நுனியில் முள், முள்ளில் கோழிக்குடல். மொத்தம் நூற்றிருபது முள். தூத்துக்குடிப் பக்கம் கடலில் இதே தொழில் பார்த்தவன், இங்கே பனியன் கம்பெனியில் டெய்லர். எண்ணிக்கை பிசகாமலிருக்க, கம்பெனி கழித்த சைஸ் லேபிள்களை முள்ளுக்கு மேலே கட்டிவைத்திருந்தான். முதல் முப்பதுக்கு ஸ்மால், கடைசி முப்பதுக்கு எக்ஸெல்.

நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்டை விட்டு நின்றபின் எனக்கு வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை. அவனோடு போனேன். அந்த வாரம் கடைசிப் பதினைந்து முள்ளுக்கு நைலான் போதவில்லை. ஓவர்லாக் நூலை நாலாக முறுக்கி நான்தான் கட்டினேன். பனியன் தோளைத் தாங்குகிற நூல் மீனைத் தாங்காதா என்றேன்.

ஞாயிறு விடிந்ததும் கயிற்றை இழுத்தோம். ஏழு மீன் வந்தது. நூற்றேழாவது இடத்தில் என் நூல் அறுந்திருந்தது. லேபிளும் இல்லை, முள்ளும் இல்லை.

துணி வாளியோடு வந்த சாரதாமணி இதைப் பார்த்துவிட்டாள். அவள் எங்கள் லைனில் மூன்றாம் வீடு, கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வந்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டும்வரை மெஷினை ஓட விடாதவள். கால் இஞ்ச் துண்டுக்காக ஒரு தையல் லைனையே அரை நாள் நிறுத்தியிருக்கிறாள்.

மீன் அறுத்துக்கொண்டு போயிருக்கும், இல்லாவிட்டால் சரிவில் எங்காவது கிடக்கும் என்றான் மாரிச்செல்வம்.

"போயிருக்கும், கெடக்கும்னா எப்படீங்க தம்பி? ஊசி ஒடஞ்சா கம்பெனில இப்படித்தான் சொல்லுவீங்களா?"

"இது கம்பெனியா, அக்கா? பாறைக்குழி."

"அங்க பனியனுங்க. இங்க எறங்கறது நம்ம புள்ளைங்க காலுங்க. முள்ளு கைக்கு வராம ஒருத்தரும் எறங்கக் கூடாது."

சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்துச் சரிவின் நடுவில் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பின்னால் வந்த ஜனம் ஒவ்வொன்றாக நின்றது. பத்து மணிக்குள் நாற்பது பேர் சோப்பும் அழுக்குத் துணியுமாக வெயிலில் நின்றார்கள். என்னைத் திட்டினார்கள், நூல் கட்டியவன் நான் என்பதால்.

மாரிச்செல்வம் கயிற்றில் ஒட்டியிருந்த வழவழப்பை விரலில் தொட்டு முகர்ந்தான்.

"ஆப்பிரிக்கக் கெளுத்தி. பெருசு. மூச்சு வாங்க மேல வந்துதான ஆகணும்" என்றான்.

லாரி டியூபைத் தண்ணீரில் போட்டு, கட்டிங் பிளேயரை வாயில் கவ்விக்கொண்டு, நடுக்குழியில் அசையாமல் மிதந்தான்.

பதினொன்றரைக்கு அது வந்தது. முதலில் பாறை நிழல் என்றுதான் நினைத்தேன். நிழல் மேலே மேலே வந்தது. தலை மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மாரிச்செல்வத்தை விட நீளம். வாயைத் திறந்து காற்றைக் குடித்தது. வாயோரத்தில் வெள்ளையாக ஒரு துணித்துண்டு தொங்கியது. எக்ஸெல். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் லேபிளைப் பிடித்தான். செவுளுக்கு அடியில் கையை விட்டு அணைத்தான். மீன் அவனைக் கீழே கொண்டுபோனது. டியூப் மட்டும் சுற்றியது. நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பதுக்கு மேல் எண்ணத் துணிவில்லை.

இருவரும் சேர்ந்தே மேலே வந்தார்கள். மீன் களைத்திருந்தது. அவன் இரண்டு கையாலும் இறுக்கினால் அதைக் கரைக்குத் தள்ளிவிடலாம். இரண்டு வருடமாக அவன் கோழிக்குடல் வாங்கியது இப்படி ஒன்றுக்காகத்தான். ஆனால் இன்னொரு முழுக்கில் முள் கழன்று விழுந்தால் அறுபதடியில் யார் தேடுவது? கரையில் சாரதாமணி எழுந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். ஒரு கையை எடுத்தான். பிளேயரால் முள்ளைத் திருகி உருவினான்.

மீன் உடனே போகவில்லை. அவன் நெஞ்சோடு ஒட்டியபடியே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு வாலை ஒருமுறை அசைத்தது. அந்த அலை வந்து எங்கள் காலை நனைத்தது.

சாரதாமணி முள்ளை வாங்கி, நுனி முழுசாக இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தாள். துவைக்கிற சோப்பில் அழுத்திக் குத்தினாள்.

"இனி எறங்கலாமுங்க" என்றாள்.

யாரும் இறங்கவில்லை. அவளும் இறங்கவில்லை. அது கீழே போன பச்சைத் தண்ணீரைப் பார்த்தபடியே வாளிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். அன்றைக்கு லைன் வீட்டின் ஒரே குழாயடியில் பெரிய சண்டை நடந்தது.